ஒரு வேதியியல் பட்டதாரி எம்.பி.பி.எஸ். சேர்ந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். கையில் மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் ஃபைல். திருவண்ணாமலை மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் விலங்கியல் எடுத்தபோது முன் பெஞ்சில் உட்கார்ந்தவள். 2014 மார்ச்சில் பிளஸ் டூ முடித்தாள். 2017-இல் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். அதற்குப் பிறகு ஒரு மருந்துத் தயாரிப்பு நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஐந்து வருட வேலை. வயது 26-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

"சார், நீட் எழுதலாம்னு இருக்கேன்" என்றாள்.

ஏம்மா இப்போது என்று கேட்டேன்.

"அப்பவே கேட்டது இதுதான் சார். கிடைக்கலைன்னு விட்டேன். வேணாம்னு விடலை."

இன்று அவள் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். நடுவில் மூன்று தேர்வுகள், இரண்டரை ஆண்டுகள், நான் தவறாகச் சொன்ன ஒரு விஷயம், ஒரு பழைய புத்தகத்தால் போன ஐந்து மதிப்பெண் எல்லாம் இருக்கின்றன. பட்டம் வாங்கியபின் மருத்துவம் படிக்க நினைக்கிறவர்கள் என்னிடம் அவ்வப்போது வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு மார்க் எடுக்கணும் சார்?" அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அது எனக்கே இந்தப் பிள்ளையிடம்தான் புரிந்தது. அவள் அனுமதியோடு, பெயரும் கல்லூரியும் இல்லாமல், நடந்ததை எழுதுகிறேன்.

பட்டதாரிக்குத் தனி வாசல் இல்லை

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893-இல் தொடங்கும்போதே பட்டதாரிகளைத்தான் சேர்ப்போம் என்று விதி வைத்தது. பிறகு அந்த நாட்டில் அதுவே வழக்கமானது. பிரிட்டனில் பட்டதாரிகளுக்கென்று நான்காண்டுப் படிப்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கென்று தனி நுழைவுத் தேர்வே உண்டு. இந்தியாவில் எதுவும் கிடையாது. பி.எஸ்சி. முடித்தவரும் எம்.எஸ்சி. முடித்தவரும் பொறியியல் முடித்தவரும், 17 வயதுப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நின்று அதே 720 மதிப்பெண் தாளைத்தான் எழுத வேண்டும். பட்டத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. படிப்புக் காலத்தில் ஒரு மாதம்கூடக் குறையாது. நாலரை ஆண்டு படிப்பு, அதன்மேல் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி.

ஆனால் கதவு மூடியும் இல்லை. அவள் மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். 25 வயதுக்கு மேல் நீட் எழுதக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, 2021-இல் 25 முடிந்தபோது ஆசையை மடித்து வைத்துவிட்டாள். அப்படி ஒரு வரம்பு இருந்தது உண்மைதான். பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வரம்பு செல்லும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், வரம்பைத் தாண்டியவர்களும் இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டு எழுதலாம் என்றது. ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 2020-இல், 64 வயதில், எம்.பி.பி.எஸ். சேர்ந்தது அந்த இடைக்காலத்தில்தான். தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் உச்ச வயது வரம்பே வேண்டாம் என்று முடிவெடுத்து, 2022 மார்ச்சில் அதை வெளியே சொன்னது. அந்தச் செய்தியைச் செல்போனில் பார்த்துவிட்டுத்தான் அவள் என் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அவள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. மத்திய அரசுப் பட்டியலில் ஓ.பி.சி. பழைய விதியின்படி பார்த்தாலும் அவளுக்கு 30 வரை தடை இருந்திருக்காது. இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முன்னாலேயே தொடங்கியிருக்கலாம். இப்போதைய நிலையில் கீழ் வரம்பு மட்டும்தான் உண்டு: சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும்.

பழைய மதிப்பெண் பட்டியல்

ஃபைலைத் திறந்தோம். 2014-ஆம் ஆண்டு மதிப்பெண் பட்டியல், 1200-க்கு. இப்போதுள்ள 600 மதிப்பெண் முறை வருவதற்கு முந்தையது. அவள் படித்தது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உள்ள 'ப்யூர் சயின்ஸ்' குரூப். இயற்பியல் 181, வேதியியல் 192, தாவரவியல் 186, விலங்கியல் 188. அப்போது தமிழ்நாட்டுச் சேர்க்கைக்கு நீட் இல்லை. நுழைவுத் தேர்வே இல்லை. உயிரியலை நூறுக்கும் இயற்பியல், வேதியியலைத் தலா ஐம்பதுக்கும் சுருக்கி 200-க்கு கட்-ஆஃப் போடுவார்கள். அவளுடையது 186.75. அரசுக் கல்லூரிக்கு அது எட்டவில்லை. தமிழ்நாட்டில் நீட் முறைப்படி சேர்க்கை 2017-இல் தொடங்கியபோது அவள் பட்டம் முடித்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

நீட் விண்ணப்பத்தில் உயிரியல் என்று ஒரே கட்டம்தான். தாவரவியல், விலங்கியல் இரண்டுக்கும் சராசரி எடுத்து 187 என்று போட்டோம். மூன்று பாடத்திலும் சேர்த்து 93 விழுக்காடு. தகுதிக்கு வேண்டியது பொதுப் பிரிவுக்கு 50, அவள் பிரிவுக்கு 40. அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் 'தகுதிக் குறியீடு' என்ற இடத்தில் வந்தது. அந்த ஆண்டுக் கையேட்டில் 01 முதல் 07 வரை இருந்தன. பி.எஸ்சி. என்ற எழுத்தைப் பார்த்ததும் 06-ஐப் போடத்தான் கை போகும். அவளும் போட்டுவிட்டு என்னைக் கேட்டாள். அந்தக் குறியீடு பி.எஸ்சி. பட்டத்தையே தகுதித் தேர்வாகக் காட்டுகிறவர்களுக்கு. அதற்கு பட்டத்தில் என்னென்ன பாடம் இருக்க வேண்டும் என்று வேறு நிபந்தனைகள் உண்டு. பிளஸ் டூவிலேயே இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் படித்துத் தேறியவருக்கு 02 போதும். பட்டம் அங்கே பேச்சிலேயே வர வேண்டியதில்லை. அதை மாற்றினோம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்துப் பொறியாளரானவர்கள் சிலரும் இதே ஆசையோடு வருகிறார்கள். அவர்களுக்கு நெடுநாள் வழியே இல்லாமல் இருந்தது. 2023 நவம்பரில் ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகு, அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம். என்னைக் கேட்டால், பட்டதாரிகளுக்கு வயது வரம்பு நீங்கியதைவிடப் பெரிய மாற்றம் அது.

நான் சொன்ன தவறு

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அது அந்த ஆண்டு பிளஸ் டூ முடிப்பவர்களுக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். 2022 ஜனவரியில் தருமபுரிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 61 வயதில், இந்த ஒதுக்கீட்டுக் கலந்தாய்வுக்கு அழைக்கப்பட்டு, ஓர் இளம் பிள்ளையின் இடத்தை எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு விலகிக்கொண்டார். அதைச் செய்தித்தாளில் படித்திருந்தேன். இவளும் என் பள்ளியில் படித்தவள், எங்கள் பள்ளி அரசுப் பள்ளி. "உனக்கு 7.5 இருக்கும்மா, அதுல வந்துடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை ஏழு வகுப்பும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அவள் எங்கள் பள்ளிக்கு வந்தது ஒன்பதாம் வகுப்பில். 6, 7, 8 படித்தது பக்கத்து ஊர் உதவி பெறும் பள்ளி. அதே ஊர்ப் பிள்ளைகள், அதே இலவசப் புத்தகம், ஆசிரியர் சம்பளமும் அரசாங்கத்துப் பணம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அரசுப் பள்ளி இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு விலக்கு உண்டு. உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. இது நியாயமில்லை என்பது என் கருத்து, அதைச் சொல்லத் தயங்கவும் இல்லை. ஆனால் விதி அதுதான்.

இது தெரிந்தது முதல் தேர்வெல்லாம் முடிந்து, மாநிலக் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டபோது. 6 முதல் 12 வரை படித்த சான்றுக்குப் படிவத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பழைய பள்ளிக்குப் போனவள், வாசலில் நின்றே எனக்குப் போன் செய்தாள். "சார், இங்க 'அரசு உதவி பெறும்'னு போர்டுல இருக்கு. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. ஏழு மாதமாக அவள் மனதில் ஓர் இலக்கு மதிப்பெண் இருந்தது. அது 7.5 ஒதுக்கீட்டுக்குப் போதுமான இலக்கு. அன்றைக்கு அதன்மேல் இருநூறு மதிப்பெண் ஏறிவிட்டது. எந்த வரிசை தன்னுடையது என்று தெரியாமல் எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று கணக்குப் போட முடியாது. இருபது வருடம் பாடம் எடுத்த நான் அவளிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது, ஆறாம் வகுப்பு எந்தப் பள்ளி என்பதுதான்.

மூன்று தேர்வுகள்

2022 ஜூலை 17. வேலையை விடாமல், ஷிப்ட் முடிந்து வந்து மூன்று மாதம் படித்து எழுதினாள். மொத்தம் 214. வேதியியல் 96, உயிரியல் 98, இயற்பியல் 20. அந்த ஆண்டு ஓ.பி.சி. பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 93 என்பதால், 'தகுதி பெற்றார்' என்று வந்தது. தெருவில் ஸ்வீட் கொடுத்துவிட்டார்கள். நாடு முழுக்க அந்த ஆண்டு 9.93 லட்சம் பேர் 'தகுதி' பெற்றார்கள். எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. அவள் அம்மாவுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த 'தகுதி'யை மோப்பம் பிடித்துக்கொண்டு வெளிநாட்டுப் படிப்பு ஏஜெண்ட் ஒருவரும் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டில் படிக்கவும் நீட் தகுதி வேண்டும், அது அவளிடம் இருக்கிறது, பணம் கட்டினால் போதும் என்றார். 2021 விதிமுறைகளின்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, அதன்மேல் இங்கே இன்னும் 12 மாதப் பயிற்சி. இந்தப் பின்பாதியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவள் அப்பா கேட்டுக்கொண்டு, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

2022 நவம்பரில் வேலையை விட்டாள். அந்த வீட்டில் அது சாதாரண முடிவு இல்லை. மாதம் வந்துகொண்டிருந்த பதினாறாயிரம் நின்றது. மல்லாட்டை (நிலக்கடலை) விளைச்சலும் இரண்டு மாடும்தான் மிச்சம். ஐந்து வருடத்தில் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினாள். கல்யாணப் பேச்சை இரண்டு வருடம் எடுக்கக் கூடாது என்றும் அப்போதே பேசி வைத்துக்கொண்டாள்.

அவளுடைய பட்டம் எங்கே உதவியது, எங்கே இடறியது என்பதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாள் மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவு லிட்டருக்கு 10⁻⁸ மோல் என்றால் அதன் பி.எச். என்ன? பிளஸ் டூ பிள்ளைகள் பாதிப் பேர் 8 என்று போட்டிருந்தார்கள். அமிலத்தின் பி.எச். 7-க்கு மேல் எப்படிப் போகும் என்ற யோசனை அவர்களுக்கு வரவில்லை. அவள் கேள்வியைப் படித்த மாத்திரத்தில், தண்ணீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்து, 7-க்குக் கொஞ்சம் கீழே, 6.98 என்று குறித்துவிட்டாள். ஆய்வகத்தில் தினமும் பி.எச். மீட்டரோடு பழகிய கை அது.

அதே கை இயற்பியலில் அவளைக் கவிழ்த்தது. கல்லூரியில் மூன்று வருடம் ஒவ்வொரு படியாக எழுதிக் காட்டிப் பழகியவள். ஒரு கணக்குக்கு முக்கால் பக்கம் எழுதுவாள். விடை சரியாக இருக்கும். ஆனால் நான்கு நிமிடம் போயிருக்கும். அப்போது நீட் தாளில் ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. எழுதுவதைக் குறைக்க அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. ஒரு வெள்ளைத்தாளை எட்டாக மடித்து, ஒரு மடிப்புக்குள் ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும் என்று தானே ஒரு விதி வைத்துக்கொண்டாள். பி.எஸ்சி. முடித்து வருகிறவர்களுக்கு நான் இப்போதும் அந்தத் தாளைப் பற்றிச் சொல்கிறேன்.

உயிரியலில் எட்டு வருட இடைவெளி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிளஸ் ஒன்னுக்கு 2018-லும் பிளஸ் டூவுக்கு 2019-லும் புதிதாக வந்துவிட்டன. அவள் படித்தது அதற்கு முந்தைய புத்தகம். மண்டையோட்டில் 22 எலும்பு, அதில் கபாலம் 8, முகம் 14. விலா எலும்பு 12 ஜோடி, அதில் முதல் 7 ஜோடி நேராக மார்பெலும்போடு சேரும். இப்படி வரிக்கு வரி மத்தியப் பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து கேட்பார்கள். புரிந்தால் மட்டும் போதாது, அந்த வரி நினைவில் இருக்க வேண்டும். 26 வயதில் மனப்பாடம் கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்குக் கஷ்டமாக இருந்தது மனப்பாடம் இல்லை, 'இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே' என்ற நினைப்புதான். தெரிந்த பாடம் என்று வேகமாகப் புரட்டிய பக்கங்களில்தான் அவள் முதல் ஆண்டு மதிப்பெண் போனது.

தேர்வு மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் முதல் தடவை ஆங்கிலம் என்று போட்டாள், கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்ததால். அடுத்த இரண்டு தடவையும் தமிழ். தமிழைத் தேர்ந்தால் கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வரும். ஆங்கிலத்தைத் தேர்ந்தால் ஆங்கிலம் மட்டும்தான். தமிழ்வழியில் பள்ளி முடித்து ஆங்கிலவழியில் பட்டம் வாங்கியவருக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பெரிய பலம். ஒன்றை மறக்கக் கூடாது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவம்தான் இறுதி. 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது பலருக்கு நினைவிருக்கும்.

2023 மே 7. மதிப்பெண் 478. உயிரியல் 265, வேதியியல் 142, இயற்பியல் 71. ஒரே வருடத்தில் 264 கூடியிருந்தது. இருந்தும் அரசுக் கல்லூரிக்குப் போதாது.

நாள்காட்டித் தாளில் ஒரு கணக்கு

478-க்கு, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கடைசிச் சுற்றுகளில் கிடைக்கலாம் என்ற நிலை. விருப்பப் பட்டியலில் எந்தெந்தக் கல்லூரியைப் போடுவது என்று முடிவு செய்ய அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

அப்போது அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்குள். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு என்றால் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு நாலரை லட்சம் வரை. நிர்வாக ஒதுக்கீடு பதின்மூன்றரை லட்சம்; அதை அவர் எழுதவே இல்லை. நாலரையை நாலரை வருடத்தால் பெருக்கி, 20 லட்சம் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். வங்கிக் கல்விக் கடன் அப்போது ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கிடைத்தது. அதற்கு மேல் பிணை வேண்டியிருந்தது. நிலம் இருக்கிறது, ஆனால் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா, நான்கு பங்காளிகள், பாகம் பிரிக்கவில்லை. வங்கிக்கு அது காகிதமே இல்லை.

"எழுதாதம்மா" என்றார். கோபமாக இல்லை. அவள் அரசுக் கல்லூரிகளை மட்டும் வரிசையாகப் போட்டாள். எந்தச் சுற்றிலும் எதுவும் வரவில்லை.

அந்த முடிவு சரியா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சரி என்றே சொல்வேன். அது தேர்வுக்கு முன்பே, 2022-லேயே, போட்டிருக்க வேண்டிய கணக்கு. பட்டம் முடித்தவர்களில் பலருக்கு இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவருக்கு எல்லா உதவித்தொகையும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் விதிகளில், ஒரு நிலையை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடம் படித்தால் கிடையாது என்று ஒரு வரி இருந்துவருகிறது, பி.ஏ. முடித்து பி.காம். சேர்கிறவரை அதற்கு உதாரணமாகச் சொல்லியிருப்பார்கள். பி.எஸ்சி.யிலிருந்து எம்.பி.பி.எஸ். போகிறவர் இதை மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் தனியார் கல்லூரிப் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஒரு பழைய புத்தகம்

2024 மே 5. மூன்றாவது தடவை, இதுதான் கடைசி என்று அவளே சொல்லிவிட்டு எழுதினாள். முடிவு வந்தது ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த அதே நாள். 619.

இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருந்தோம். அப்புறம் மற்றவர்களின் மதிப்பெண்கள் வரத் தொடங்கின. 2023-இல் முழு 720 வாங்கியவர்கள் இருவர். 2024-இல் 67 பேர். மேலே இருந்து கீழே வரை எல்லோருக்கும் மதிப்பெண் ஏறியிருந்தது. போன வருடம் 619 வாங்கியிருந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டு கல்லூரியைத் தேர்ந்திருக்கலாம். இந்த வருடம் விளிம்பில் நிற்கிறாள். வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண், 1563 பேருக்கு மறுதேர்வு, உச்ச நீதிமன்றம் என்று ஜூன், ஜூலை இரண்டு மாதமும் போனது. தேர்வையே ரத்து செய்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் மறுபடி புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ரத்து ஆகவில்லை. ஆனால் ஒரே ஒரு இயற்பியல் கேள்விக்கு விடை மாறியது. அணுக்கள் பற்றிய கேள்வி, இரண்டு கூற்றுகள். இரண்டாவது கூற்று, 'ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை வெளியிடுபவை' என்று இருந்தது. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய பதிப்பில் 'ஒவ்வொரு தனிமம்' என்றே இருந்தது. புதிய பதிப்பில் 'பெரும்பாலான தனிமங்கள்' என்று திருத்தியிருந்தார்கள். கதிரியக்கத் தனிமங்கள் நிலையற்றவை அல்லவா, அதனால். பழைய புத்தகம் படித்தவர்களுக்காக, நீட் நடத்தும் தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்திருந்தது. ஐ.ஐ.டி. டெல்லி நிபுணர்களைக் கேட்டு, ஒரே விடைதான் சரி என்று ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்ற விடையைக் குறித்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். அவர்களுக்குக் கொடுத்த 4 போய், தவறான விடைக்கான 1-ம் போய், ஆளுக்கு ஐந்து குறைந்தது. மறுதேர்வுக்குப் பின் 67-லிருந்து 61 ஆகியிருந்த முழு மதிப்பெண்காரர்கள் இப்போது 17 ஆனார்கள்.

அவள் படித்த இயற்பியல் புத்தகம் ஒரு சீனியர் அண்ணனிடம் இரவல் வாங்கியது, பழைய பதிப்பு. அந்த வரியின் கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தாள். 619, 614 ஆனது. இயற்பியல் 124-லிருந்து 119. வேதியியல் 165, உயிரியல் 330.

முதல் சுற்றில் ஒன்றும் வரவில்லை. அந்த ஐந்து மதிப்பெண்ணால்தானோ என்று நாங்கள் இருவரும் நினைத்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டாவது சுற்றில், வீட்டிலிருந்து எட்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது.

சேர்ந்த நாள்

சேர்க்கை மேசையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் ஆனது. அவளுக்கு ஒன்றரை மணி நேரம். மாற்றுச் சான்றிதழ் பள்ளியுடையது எங்கே என்றார்கள். அது 2014-லேயே கலைக் கல்லூரியில் கொடுத்தாயிற்று. இருப்பது கலைக் கல்லூரி கொடுத்தது. 2017-க்குப் பிறகு ஏழு வருடம் என்ன செய்தாய் என்பதற்கு நோட்டரி கையெழுத்தோடு பிரமாணப் பத்திரம், வேலை பார்த்த இடத்தின் விடுவிப்புக் கடிதம். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து மட்டும், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஒரு சான்று. இதையெல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம், 2022-இல் பட்ட அனுபவம். ஓ.பி.சி. சான்று மட்டும் அகில இந்தியக் கலந்தாய்வுக்காகத் தனியாக எடுத்திருந்தாள். நம் மாநிலச் சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். மத்திய ஓ.பி.சி. சான்று வருமானத்தை வைத்துக் கொடுப்பது, புதிதாக எடுக்க வேண்டும். இ-சேவை மையத்துக்கு நடக்கிற நடையை இதற்கும் ஒதுக்கி வையுங்கள்.

28 வயதில் முதலாமாண்டு. பயிற்சி மருத்துவர் பணி முடியும்போது 34-ஐத் தொட்டிருப்பாள். வகுப்பில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறார்களாம். உயிர்வேதியியல் வகுப்பில் பி.எச். பற்றிப் பாடம் வந்த அன்றைக்கு இரவு ஹாஸ்டல் அறையில் பத்துப் பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள் என்று போனில் சொன்னாள். உடற்கூறியலில் கை, கால் நரம்புகள் அவளை ரொம்பப் படுத்துகின்றன.

போன மாதம் இன்னொரு பெண் வந்தாள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று வருடம் தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தவள். எவ்வளவு மார்க் எடுக்கணும் சார் என்றாள். ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளி, ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வருடமும் எந்தப் பள்ளி என்று எழுதச் சொன்னேன். ஏழாம் வகுப்புக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, "அம்மாவைக் கேக்கணும் சார்" என்று போனை எடுத்தாள்.